ஜன்னலோரம் வைத்த சாக்கே

பலேர்மோ
12.11.1996

அன்பு மகள் துசானிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிருக்குள் சுகமாக இருக்க முருகன் துணை. உடம்புக்குத்தான் குறையில்லை, மனம் நாலு நாளாக ஓரிடத்தில் நிற்கவில்லை, அதுதான் வேலைக்கிடையில் சிஞ்ஞோர் வீட்டுக் குசினியில் இருந்தே எழுதுகிறேன்.

பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் நான் வேலை செய்கிற சிஞ்ஞோரை உனக்குத் தெரியும், கப்பல் எஞ்சினியராக இருந்தவர், மனைவி போனபின் தனியாள். அவருடைய ஜப்பான் சிநேகிதர் சனிக்கிழமை சாப்பிட வருவதாக இருந்தது. வீட்டில் இரண்டு போத்தல் சாக்கே, அது அரிசியில் செய்கிற அவர்களுடைய மது. ஒன்று உயர்ந்தது, குளிரவைத்துத்தான் குடிக்க வேணுமாம். மற்றது சாதாரணம், சின்னச் சாடியில் ஊற்றிச் சுடுதண்ணீருக்குள் இறக்கி இளஞ்சூடாக்கலாம், கொதிக்க விடக்கூடாதாம். உயர்ந்ததையே கொடுப்போம் என்றார். அதுவோ ஒருதரம் திறந்து மூடிய போத்தல், கோடை முழுக்க வெயில்படும் ஜன்னலோரம் நின்றது. வியாழக்கிழமை பிறிட்ஜில் வைக்க எடுத்தால் நல்லெண்ணெய் நிறம், பழைய ஈரத்துணி மணம். சிஞ்ஞோரிடம் நீட்டினேன், மூக்கருகே வைத்துவிட்டு அருமை என்றார். இது பழுது என்றேன். உனக்கென்ன தெரியும், களவாய்க் குடித்துப் பார்த்தாயோ என்று கேட்டுவிட்டார், பிள்ளை. ஆறு வருசம் அந்த வீட்டில் நிற்கிறேன். இந்த நாட்டில் இருக்க விடுகிற என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அவர் கையெழுத்து வைக்கவேண்டிய கடதாசி மேசையில் கிடக்கிறது, வாய் திறக்காமல் வந்துவிட்டேன். அப்பாவும், நீர் பேசாமல் இரும், முதல்லை கையெழுத்துக் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னார்.

ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. போன கிழமை காஸ் அடுப்பு அணைந்து வீடெல்லாம் மணக்க, அவர் பக்கத்திலேயே பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தவர். வெள்ளி காலை கண்ணை மூடச் சொல்லிக் கோப்பிப் பேணியையும் சவர்க்காரத்தூள் பேணியையும் மாறிமாறிப் பிடித்தேன். இரண்டுக்கும் கோப்பி என்றார். கண்ணைத் திறந்து பார்த்தவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். போன மாரி தொடக்கம் ஒன்றும் மணப்பதில்லையாம். மிலானோவில் இருக்கிற மகளுக்குச் சொல்லாதே, முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவாள் என்று கையைப் பிடித்தார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லுவன் என்றேன். அதோடு என்னுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை பழுதானதைக் கழுவுகிற தொட்டிக்குள் கொட்டிவிட்டு மற்றதைச் சூடாக்கினேன். பதம் பார்க்க வேறு ஆளில்லை, நானே ஒரு மிடறு வாயில் வைத்தேன், வாழ்க்கையில் முதல் தரம். கஞ்சித் தண்ணீர் மாதிரி இறங்கிப் பிறகு நெஞ்சை எரித்தது. கொஞ்சம் ஆறவிட்டுக் கொண்டுபோனேன். வந்தவர் மூன்று கிண்ணம் கேட்டு வாங்கினார். ஆர் இவ்வளவு சரியாகச் சூடாக்கியது என்று அவர் கேட்க, சிஞ்ஞோர் என் பக்கம் கையைக் காட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று காலை வந்தால் கடதாசியில் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் மகளின் விலாசம் எழுதி ஒட்டிய கடித உறை. தபாலில் போட்டுவிடு என்று மட்டும் சொன்னார். என்ன எழுதினாரோ, இனி அவர் இந்த வீட்டில் இருப்பாரோ, நான் இருப்பேனோ தெரியாது. இரண்டு கடிதத்தையும் ஒரே பெட்டியில்தான் போடப் போகிறேன்.

போனில் இருமினாய், வெறும் தடிமன் என்றாய். டொக்டரிடம் போனாயோ என்று மறைக்காமல் எழுது. நான் குடித்ததை அப்பாவுக்குச் சொல்லிவிடாதே. எங்கள் இருவரின் ஆசியும் எந்நேரமும் உன் தலைமேல் இருக்கும்.

உன் அம்மா
கோ. குகனேஸ்வரி