கொடிவேலி வேரும் உங்கள் சந்தேகமும்

இன்று காலை ஆய்வுகூடத்தில் புதிதாக வந்த கொடிவேலி வேர்ப் பொதியைப் பிரித்தார்கள். அந்தக் காரமான தூசி மூக்கில் ஏறியதும் தும்மினேன். தும்மி முடிப்பதற்குள் உங்கள் குரல் காதில் விழுந்தது போலிருந்தது: "இது கொடிவேலிதான் எண்டு ஆர் சொன்னது?"

அப்படித்தான் நீங்கள். என்னோடு இந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்த நாளெல்லாம், கிண்ணியா பஸ்ஸில் வந்து இறங்கி, கைப்பையை வைக்கும் முன்பே முதல் கேள்வியைப் போடுவீர்கள்.

மூலத்துக்கும் செரியாமைக்கும் காலங்காலமாகக் கொடுக்கப்படும் வேர் அது. கருவைக் கலைக்கும் என்ற பேச்சும் கூடவே உண்டு. உண்மையா என்று பார்க்கத்தான் சினைப்பட்ட வெள்ளெலிகளுக்கு அதன் பொடியைக் கொடுத்தோம். பொடி தின்றவற்றின் கருப்பையில் கரு பதிந்த தழும்புகள் மட்டும் இருந்தன, குட்டிகள் இல்லை. வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளோ நிறைசினையாக இருந்தன. எழுதி முடித்துவிடலாம் என்றேன். நீங்கள் மிச்சப் பொடியை விரலால் கிளறினீர்கள்.

"இது கடையில வாங்கின பொடி அக்கா. உள்ளுக்கு வேற என்ன கலந்திருக்கோ தெரியாது. நாங்களே வேர் கிண்டி இன்னொருக்கா செய்வம்."

எனக்கு அப்போது உங்கள் மேலேயே சந்தேகம் வந்தது. உங்கள் அண்ணன், நீங்கள் நானா என்று கூப்பிடுபவர், கிண்ணியாவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். மூலத்துக்கு அவர் விற்ற சூரணத்தில் இதே வேர்தான். முடிவைத் தள்ளிப்போட உங்களுக்குக் காரணம் இருந்தது. மனதுக்குள் வைத்துப் புழுங்காமல் கேட்டேவிட்டேன்.

"ஓம், கேக்கவேண்டிய கேள்விதான்," என்றீர்கள் முகம் மாறாமல், சாவியை என்னிடம் நீட்டி. "எலி அறைத் திறப்பை நீங்களே வைச்சிருங்க. நான் தனிய உள்ளுக்குப் போகமாட்டன்."

சாம்பல்தீவுப் பக்கம் பற்றைக்குள் இருவருமாக வேர் கிண்டினோம். பாதியை அப்படியே உலர்த்தினோம். மீதியை உங்கள் நானா செய்யும் முறைப்படி சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, நஞ்சு போகச் சுத்தி செய்தோம். சுத்தி செய்யாத வேர் முன்போலவே கருவை அழித்தது. சுத்தி செய்ததைத் தின்ற எலிகள் குட்டி போட்டன.

செய்தி கேட்டு நானா நேரிலேயே வந்துவிட்டார். "பாத்தீங்களா மிஸ்? எங்கட மருந்து புள்ளத்தாச்சிக்கும் ஒண்டும் செய்யாது!"

நானும் மகிழ்ந்துபோனேன். நீங்கள் மட்டும் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"பிறந்திருக்கு, ஓம். ஆனா மற்றக் குட்டியளை விட நல்லாச் சிறுசு. ஆசைப்பட்ட மாதிரி வந்த உடன ஏன் நம்போணும்? நானா, புள்ளத்தாச்சிக்கு இதைக் குடுக்கக்கூடாது எண்டு கடையில எழுதி ஒட்டுங்க."

"கடையை மூடச் சொல்றியா?"

"கேட்டுக் குடுக்கச் சொல்றன்."

அவர் ஒட்டவில்லை. நீங்களே போய் ஒட்டினீர்கள்; அவர் கிழித்தெறிந்தார். அந்தப் பெருநாளைக்கு உங்கள் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. ஒரு மாலை பஸ்ஸுக்கு நிற்கையில் துறைமுகத்தைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "எலிக்கு நடந்தது மனிசருக்கும் நடக்கும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது அக்கா. நடக்காது எண்டும் ஏலாது. இந்த ரெண்டு 'ஏலாது'க்காகத்தான் நானா என்னோட கதைக்கிறதில்ல." சிரிக்கத்தான் பார்த்தீர்கள். முடியவில்லை.

போன மாரியில் டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. உங்கள் வீட்டு வாசலில் நானா நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. "தங்கச்சி சொன்னபடி இப்ப கேட்டுத்தான் குடுக்கிறன் மிஸ்," என்றார்.

துக்கத்தில் மனிதர் எதையும் சொல்வார்கள். நான் நம்பவில்லை. புதிதாகக் கல்யாணமான என் பெறாமகளிடம், அக்காவின் பெண்ணிடம், விஷயத்தைச் சொல்லி, கேட்டால் மட்டும் பிள்ளைத்தாச்சி என்று சொல்லச் சொல்லி, அந்தச் சூரணத்தை வாங்கிவரும்படி போன கிழமை அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பினாள்.

"வயித்தில புள்ள இருக்கா மகள் எண்டு கேட்டார் சித்தி. ஓம் எண்டன். போத்தலைத் திரும்ப அலுமாரிக்குள்ள வைச்சிட்டு, 'உங்களுக்குத் தரமாட்டன், என்ட தங்கச்சி ஏசுவா' எண்டார்."

ஏசுவா என்றாராம், நீங்கள் பின்கட்டில் நிற்பதைப் போல. கண் கலங்கிவிட்டது. ஆனால் கண்ணைத் துடைக்கும்போதே இன்னொரு எண்ணமும் வந்தது: பிள்ளை என் ஸ்கூட்டரில் அல்லவா போனாள்? அதை அவர் அடையாளம் கண்டிருந்தால்?

அடுத்த மாதம் வேறு யாரையாவது பஸ்ஸில் அனுப்புவேன்.