மேசைக்குப் போகாத முழங்கால்

அன்பு மகனே,

நீயும் மருமகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம், நானும் இடது முழங்கால் நீங்கலாகச் சுகம், அந்த முழங்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் மடக்கிவிடுவாய், உன் குரலைக் கேட்டால் நானும் இளகிவிடுவேன், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

பஸ் டெப்போ மேனேஜர் இன்று காலை என்னைக் கூப்பிட்டு, உங்க பையன் போன் பண்ணாருங்க, அம்மாவை இனிமே வண்டியில ஏத்தாதீங்க, உட்கார்ற வேலையா குடுங்கன்னு கேட்டுக்கிட்டார், மேசை தயாரா இருக்கு என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும், பாசத்தில்தான் செய்தாய், தெரியும். ஆனாலும் என் வேலையை என்னைக் கேட்காமல் மாற்ற நீ யார்? அந்த வண்டிக் கூட்டத்தில் புகுந்து புறப்பட்டுத்தானே உன்னைப் படிக்க வைத்தேன்.

அடிபட்ட கதையே உனக்கு ஒழுங்காகத் தெரியாது. அப்பா உன்னிடம் வயசாச்சு, மூட்டு தேஞ்சுபோச்சு என்று சொல்லி வைத்திருக்கிறார். தேயவில்லை, கிழிந்தது. டிக்கெட் கொடுக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் கண்டக்டர்கள் நாங்கள் ஒரு காலை இருக்கையின் இரும்புக் காலோடு முட்டுக்கொடுத்துத்தான் நிற்போம். எங்கள் டிரைவருக்கு டெப்போவில் ‘சடன் பிரேக்’ என்றே பெயர், அன்று அவன் அந்தப் பெயரைக் காப்பாற்றினான். உடம்பு சுழன்றது, முட்டுக்கொடுத்த பாதம் சுழலவில்லை, நடுவில் மாட்டியது முழங்கால். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை மாதிரி இரண்டு ஜவ்வு மெத்தை இருக்கிறதாம், அதில் உள்பக்கத்து மெத்தை கிழிந்துவிட்டது. குறுக்கே போகும் தசைநார்கள் தப்பித்தன, ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் படு கறார். படி இறங்கும்போது என் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதாம், பெருவிரலுக்கு அடுத்த விரலுக்கு நேராக அது நிற்க வேண்டுமாம். பீரோக் கண்ணாடி முன்னால் பலகை போட்டு ஏறி இறங்கிப் பழகினேன். அப்பா பக்கத்தில் நின்று உள்ள சாயுது, உள்ள சாயுது என்று கத்தி என் உயிரை வாங்கினார்.

இன்று அந்த மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டெப்போ டாக்டரிடம் போனேன். நின்ற வண்டியில், பையை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமல் ஏறி இறங்கச் சொன்னார். வலித்ததா என்றால் வலித்தது, அவரிடமும் மறைக்கவில்லை. ஆனால் கால் மடங்கவில்லை, சாயவில்லை. வலி கொஞ்ச நாள் இருக்கும்மா, வீங்கினா வந்து காட்டுங்க, முட்டுக்கொடுத்து மட்டும் நிக்காதீங்க, வேலைக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டார். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, உங்க பையனுக்கு நான் என்ன சொல்றது என்றார். அதை நான் பாத்துக்கிறேன் என்று வந்துவிட்டேன். இதோ, பார்த்துக்கொண்டேன். என் கால் முடியாமல் போகிற நாள் வந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும், அன்று நானே இறங்கிக்கொள்வேன். அதுவரை நீ அங்கிருந்து விசில் ஊதாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடும்போது உடம்பு திரும்பினால் பாதத்தையும் சேர்த்துத் திருப்பு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
நாளைக் காலை முதல் வண்டியின் கண்டக்டர்.