பெட்டி கேட்கும் வாக்கியம்

நிந்தவூர்
03.05.2009

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நமது மகளும் சுகம். உங்கள் சுகத்தைப் பூட்டி அனுப்பியிருக்கிறீர்கள், எனக்குத்தான் திறக்கவில்லை.

அலுவலகக் கணினியில் நீங்கள் லினக்ஸ் போட்டுத் தந்த நாளிலிருந்து ஒரு கடிதமும் இப்படி அடம்பிடித்ததில்லை. மின்னஞ்சலைத் தொட்டதும் சின்னப் பெட்டி வந்து நமது இரகசிய வாக்கியத்தைக் கேட்கிறது. அடித்தால் பிழை என்கிறது. எழுத்தும் தெரியாது, வெறும் கறுப்புப் புள்ளிகள்.

என்ன எழுதினீர்களோ என்று சோறு இறங்குதில்லை. திறந்தே எழுதினால் என்ன?

உங்கள்
றுகையா

06.05.2009

அன்பின் றுகையா,

வஅலைக்குமுஸ்ஸலாம். திறந்து எழுத மாட்டேன். என் கட்டுரைகளுக்காக வாசலில் வந்து நின்றவர்கள் இதையும் படிப்பார்கள். அதனால்தான் பூட்டாத இந்தக் கடிதத்தில் நான் இருக்கும் இடத்தைக்கூட எழுதவில்லை. பூட்டிய கடிதத்தில் நீ முடிவு சொல்ல வேண்டிய விடயம் இருக்கிறது. மாதம் முடியுமுன் பதில் வேண்டும். பிந்தினால் நாம் மூவரும் எப்போது சேர்வோமோ தெரியாது.

பெரிய எழுத்துப் பொத்தானின் விளக்கு எரிகிறதா பார். சொற்களுக்கிடையில் இடம் விடு. கணினியை ஒருமுறை நிறுத்திப் போடு. வாக்கியத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதே.

உன்
ஜவுபர்

நிந்தவூர்
11.05.2009

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாம் செய்தேன். விளக்கு எரியவில்லை, இடமும் விட்டேன். பக்கத்து மேசை நல்லரெத்தினம் அண்ணன் நான் படும் பாட்டைப் பார்த்து, "தங்கச்சி, மச்சான் வேற ஆருக்கோ எழுதினத உங்களுக்கு அனுப்பிட்டார் போல" என்று பகிடி விடுகிறார். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன மாதத்திலிருந்து அலுவலகக் கடிதமெல்லாம் தமிழில்தான் அடிக்கிறோம். வேலை இரட்டிப்பு. அதற்கிடையில் களவாக இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறேன்.

உங்கள்
றுகையா

14.05.2009

அன்பின் றுகையா,

அதுதான் கோளாறு. கணினியைத் தமிழில் வைத்துக்கொண்டே கடிதத்தைத் திறக்கிறாய். நமது வாக்கியம் ஆங்கில எழுத்தில் வைத்தது. நீ அடிப்பதோ தமிழாக விழுகிறது, புள்ளியில் அது தெரியாது. பெட்டி வந்துவிட்டால் மொழி மாற்றவும் விடாது. பெட்டியை மூடு. முதலில் ஆங்கிலத்துக்கு மாற்று. பிறகு கடிதத்தைத் திற.

உடனே செய், புள்ள. இங்கே எனக்கும் நித்திரை இல்லை.

உன்
ஜவுபர்

நிந்தவூர்
20.05.2009

மச்சானுக்கு,

ஸலாம். திறந்தது. வாசித்தேன்.

யுத்தம் முடிந்ததென்று ரோட்டில் வெடி கொளுத்துகிறார்கள். "சண்டை முடியட்டும், வந்திருவன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கடிதத்தில் வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டை விற்றுவிட்டு மகளோடு வா என்றுதான் இருக்கிறது.

நமது ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இது உம்மா எனக்குத் தந்த வீட்டு வளவு. சுனாமியில் கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு, நீங்களும் நானும் மண் சுமந்து திரும்பக் கட்டியது. இன்னும் சுண்ணாம்பு பூசவில்லை. நாளைக்கு இது மகளுக்கு. இதை விற்றால் அவளுக்கு நான் எதைக் கொடுப்பேன்?

நீங்கள் வந்தால் உயிருக்கு ஆபத்து என்று எனக்கும் தெரியும். ஆகவே வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் வரமாட்டேன். மாதம் முடியுமுன் நீங்கள் அங்கே கொடுக்கும் அகதி விண்ணப்பத்தில் எங்கள் பெயர்களைச் சேர்க்க வேண்டாம். எனக்கு உங்கள் மேல் கோபமில்லை மச்சான், ஆசைதான். அது போதவில்லை.

இதைப் பூட்டாமல்தான் அனுப்புகிறேன். நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்பதை வாசலில் நின்றவர்களும் வாசிக்கட்டும். மகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போய் வரட்டும்.

றுகையா