ஐஸில் வைத்த எலும்பு மஜ்ஜை

அனுப்புநர்
கோ. ஜோதிலட்சுமி,
க/பெ. கோபு,
கானத்தூர் குப்பம்.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நீலாவதி அறக்கட்டளை குழந்தைகள் மருத்துவமனை,
மேற்குத் தாம்பரம்.

பொருள்: என் மகள் வினிதாவுக்கு (வயது 6) குரோமோசோம் பரிசோதனைக்காக மீண்டும் எலும்பு மஜ்ஜை எடுக்க, திங்கட்கிழமைக்குள் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சிட்லபாக்கத்தில் தெருத்தெருவாக மீன் விற்பவள். என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தங்கள் மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்து, வேளச்சேரியில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு தெர்மோகோல் பெட்டியை என் கணவரிடம் கொடுத்தார்கள். எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

2. என் கணவர் கடலுக்குப் போகிறவர். "வெயில் கொளுத்துது, கெட்டுப்பூடும்" என்று சொல்லி, வழியில் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிப் பெட்டி நிறையக் கொட்டிக்கொண்டு போனார். மஜ்ஜையில் இருந்த அணுக்கள் உறைந்து செத்துவிட்டன என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டார்கள். உயிருள்ள அணுக்களை வளர்த்துத்தான் சோதிக்க முடியுமாம். இது எங்களுக்கு எப்படி ஐயா தெரியும்? ஐஸ் வைக்காமல் விட்டால்தான் எங்கள் குப்பத்தில் அலட்சியம் என்பார்கள். இங்கே கேஸ் ஷீட்டில் 'பெற்றோர் அலட்சியம்' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

3. டாக்டர் ஸ்நேகா அவர்கள் பொறுமையாக விளக்கினார். சில குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோமின் துண்டு உடைந்து இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் அடங்கியிருக்க வேண்டிய ஜீன் கிளம்பி, நோயணுக்களை நிற்காமல் பெருக்குமாம். வினிதாவுக்கு அப்படி இருந்தால் வேறொரு மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டும். தெரியாமல் விட்டால் நோய் திரும்பி வரலாம். திங்கட்கிழமை மருந்து தொடங்குகிறது, இனியும் தள்ளிப்போட முடியாதாம். தொடங்கிய பிறகு நோயணுக்கள் குறைந்து, அந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பது கடினமாம்.

4. காப்பீட்டுப் பிரிவில் கேட்டால், "ஒரு வாட்டிதாம்மா அப்ரூவல், மறுபடின்னா பெரிய சார் கையெழுத்து போடணும்" என்கிறார்கள். தங்களைப் பார்க்க வந்தால் மீட்டிங் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆகவே, உடனே அனுமதி தந்து, இம்முறை பெட்டியை மருத்துவமனை ஆள் மூலமே அனுப்பும்படியும், 'அலட்சியம்' என்ற சொல்லை அடித்துவிடும்படியும் மன்றாடிக் கேட்கிறேன்.

"இன்னொரு தபா குத்துவாங்களாம்மா?" என்று நேற்று வினிதா கேட்டாள். ஆமாம் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். பிறகு, "சரி, நீ கையப் புடிச்சுகினு இரு" என்றாள். குழந்தை சம்மதித்துவிட்டாள் ஐயா. தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இடம்: மேற்குத் தாம்பரம்
நாள்: 12.09.2025, வெள்ளி

தங்கள் வாசலில் காத்திருக்கும்,
கோ. ஜோதிலட்சுமி