உங்களுக்கு வந்த சிறுநீரகம்

என் பிரிய ஸ்டெல்லா அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்களிடம் இதைச் சொல்ல நாக்கூசுகிறது. ஆனாலும் நீங்கள் முதலில் கேட்பது இதைத்தானே?

சிஞ்ச்வட் டயாலிசிஸ் வார்டில் நமக்கு அடுத்தடுத்த படுக்கை. நான் வங்கியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வருவேன். நீங்கள் தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலில், திருத்தாத விடைத்தாள் கட்டோடு வருவீர்கள். இயந்திரம் ரத்தத்தை இழுக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடி எனக்கும் சேர்த்து ஜெபிப்பீர்கள்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லக்கா" என்பேன்.

"உன்னை யாருடி கேட்டா? எனக்கு இருக்கு, போதும்" என்று சிரிப்பீர்கள்.

அன்று ஆஸ்பத்திரியில் நம் இருவரையும் கூப்பிட்டார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம். முதலில் உங்களுக்கு, உங்களுக்கு முடியாமல் போனால் எனக்கு. கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் பட்டுப்புடவையில் வந்திருந்தீர்கள். நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்தாள், உதறினாள், மறுபடி வைத்தாள். காய்ச்சல். உடம்பில் எங்கோ கிருமி இருக்கிறது, இப்போது அறுவை செய்தால் உயிர் தங்காது என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆப் ரெடி ஹோ ஜாயியே" என்று என்னைத் தயாராகச் சொன்னார். எனக்கு மறுக்கத் தோன்றவே இல்லை. உயிர் வேண்டியிருந்தது.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தீர்கள். "உனக்கும் கிடைக்கணும்னுதான்டி ஜெபம் பண்ணேன். ஆனா இப்படிக் கேக்கல."

கையை நீங்களேதான் விட்டீர்கள். அதன்பிறகு நாம் பேசவில்லை. அந்தக் கிருமி உங்களை விடவில்லை. என் தையலைப் பிரிப்பதற்குள் உங்களை அடக்கம் செய்துவிட்டார்கள். தொற்றிக்கொள்ளும் என்று என்னை அறையைவிட்டு வெளியே விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் விபூதி பூசி, "பாத்தியா, உனக்குன்னே தெய்வம் எடுத்து வச்சிருக்கு" என்றார். உங்களை ஒதுக்கிவிட்டு என்னைப் பொறுக்கியெடுக்க, தெய்வம் என்ன கத்தரிக்காயா வாங்குகிறது?

கதவைச் சாத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. இல்லாத கடவுளை இவ்வளவு நேரம் யாராவது திட்டுவார்களா, அக்கா? எதிரில் ஒருவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது இப்படித்தான். ஆறுதலாக வரவில்லை.

இப்போது மாத்திரை விழுங்கும்போது, குக்கர் வைக்கும்போது, பஸ்ஸில் தொங்கும்போதெல்லாம் அவரிடம் பேசுகிறேன். ஒருநாள் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தபோது கழிவறையிலேயே அழுது நன்றி சொன்னேன். அடுத்த நொடி உங்கள் ஞாபகம் வந்தது. சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

போன ஞாயிறு உங்கள் சர்ச்சுக்குப் போனேன். ஆண்டவர் செய்த நன்மையைச் சபைமுன் சாட்சி சொல்ல பாஸ்டர் என்னை அழைத்தார். எழுந்து நின்றேன். முன்வரிசையில் உங்கள் மகள் ஏஞ்சல். "ஆண்டவர் என்னை" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே அவளாகவே என்னிடம் வந்தாள். "ஆண்ட்டி, மம்மியோட கிட்னி சரியா வேலை செய்யுதா?"

"செய்யுதும்மா."

"குட். அப்ப எங்க வீட்டுக்கு மட்டும் வராதீங்க, ப்ளீஸ்." அவள் முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று அவளுக்காக ஜெபித்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

அவள் சொன்னபடி அந்த வீட்டுப்பக்கம் போகமாட்டேன். கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று எந்தச் சபையிலும் சொல்லமாட்டேன். உங்களை ஏன் விட்டார் என்று தினமும் அவரிடம் கேட்பேன். அவர் வாயைத் திறக்கும்வரை அவரை விடவும் மாட்டேன். இது சத்தியம் அக்கா.

உங்கள் தங்கை,
உமா
சிஞ்ச்வட்