பொழுது சாய்ந்த பின் ஒரு ரசீது

திருப்பருத்திக்குன்றம்,
18-2-1968

சிரஞ்சீவி தனராஜுக்கு அப்பாவின் ஆசிகள்.

பிலாயில் இப்போது குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அயர்ச்சி, வேறொன்றும் இல்லை.

முதலில் நீ கேட்டிருந்த விஷயம். உன் சரிகைக் கடைக்காக வாங்கிய கடன் தீர்ந்துவிட்டது என்பதற்கு எழுத்து கிடைத்துவிட்டது. நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். அசல் என் பெட்டியில் இருக்கிறது. அதை வாங்கிய விதத்தில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசித் தவணையைத் தை மாதம் முதல் வாரமே வசூல்காரர் கோதண்டபாணியிடம் கட்டிவிட்டேன். மூன்று வருடமாக வாங்கியதற்கு அவர் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தந்ததில்லை. கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகுமோ என்று மாதாமாதம் நானும் தள்ளிப்போட்டேன். தப்பு என்னுடையதுதான். எல்லாம் கட்டி முடித்த பிறகு கேட்டதற்கு, "இன்னா சார், வாத்தியாரு பணத்துல போய் நான் பொய் சொல்வேனா? நோட்டு பட்டணத்துல மொதலாளிகிட்ட இருக்குது. வரும், வரும்" என்றார். ஐந்து முறை நடந்தேன்.

வியாழக்கிழமை, ரசீதை நானே எழுதி, ரெவினியூ ஸ்டாம்பும் ஒட்டி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுப் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஸ்டாம்பை முன்கூட்டியே ஒட்டியது அதிகப்பிரசங்கித்தனமோ என்று வழியெல்லாம் யோசனை. "உக்காருங்க சார், தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கோதண்டபாணி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அப்போது காலை பத்து மணி. உட்காரச் சொன்னாரே என்று உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அவருடைய தாயார் பொன்னியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டார். உள்ளே வெங்காய சாம்பார் மணம். நாங்கள் சமணர்கள், வெங்காயம் சேர்ப்பதில்லை என்றால் அவர்கள் சமையலைக் குறை சொன்னது போலாகும். ஆகையால் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மாலை ஆறரைக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். "பொழுது சாய்ந்துவிட்டதம்மா, இனிமேல் தண்ணீரும் குடிப்பதில்லை" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரத்துக்குக் கோதண்டபாணியும் வந்து சேர்ந்தார். அவரைச் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட விடவில்லை. "ஏண்டா, நயினாரு காலைலேர்ந்து நம்ம வாசல்ல பட்டினி கெடக்கறாரு! நயினாருங்கள்ல பெரியவங்க சோறு தண்ணிய வுட்டே உசுர வுடுவாங்களாமே. அது நம்ம வூட்டு வாசல்லயா நடக்கணும்? அவரு கேக்கறத மொதல்ல எழுதிக் குடுடா, பாவி!" என்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஒரு கையெழுத்துக்குப் போய் இவ்ளோ பெருசா பண்ணிக்கினு இருக்கீங்களே சார்" என்றார் கோதண்டபாணி. நான் அவரை எதிர்த்து விரதம் ஒன்றும் இருக்கவில்லை, எங்கள் வழக்கமே இதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் தாளை நீட்டினேன். ஸ்டாம்பின் மேலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சொல்லாமல் விட்டதும் பொய்தானே? அதற்கு ஒரு நாள் உபவாசம் இருக்கலாம் என்றேன். "அதான் அன்னிக்கே இருந்தாச்சே, இன்னும் எத்தினி நாளு?" என்கிறாள் உன் அம்மா.

எழுத்து வந்தால் ஊருக்கு வருகிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். வந்துவிட்டது. நான்கு முறை படித்துப் பார்த்தேன், எனக்குக் குறை தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல், மறுபடியும் போகிறேன். வராமல் இருப்பதற்கு வேறு ஏதாவது காரணம் இருந்தால் அதைக் கடிதத்தில் எழுதாதே. உன் கடிதங்களை என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாதான் முதலில் படிக்கிறாள். நீ வந்துவிடு. வந்த பிறகும் சொல்ல வேண்டாம், நான் கேட்க மாட்டேன்.

ஜினேந்திரர் உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

உன் அப்பா,
பத்மராஜ்