பிஸ்கட் டின் ராஜாங்கம்

றொசல்ல
14.09.2025

அன்பு மருமகள் சர்மிளாவுக்கு,

யாருமே நம்பமாட்டாத கதை ஒன்றை இறம்பொடை அனுமார் சாட்சியாகச் சொல்லப்போகிறேன். மாமாவுக்கு மறதி வந்துவிட்டது, வயரிங் வேலை விசயம், வீட்டு விசயம் எல்லாம் தேடினால் உடனே கிடைக்கிற மாதிரி ஓரிடத்தில் இருக்கணும், தீபாவளிக்கு வந்து நானே போனில் செய்து தாறேன் என்று எழுதியிருந்தாயே? தாயி, போன் எதற்கு! பைஸர் முதலாளி கடையில் காலி பிஸ்கட் டின்கள் வாங்கி ஒரு ராஜாங்கமே அமைத்துவிட்டேன். எந்த லயத்து வீட்டில் எந்த வயர் கருகியது, கிளினிக் என்றைக்கு, போய்ச்சேர்ந்த உன் அத்தை ரசத்துக்கு என்ன போட்டாள், எல்லாம் துண்டுச் சீட்டாக உள்ளே. ஒரு டின்னைத் தட்டினால் மற்றதெல்லாம் "இந்தா, எங்கிட்டயும் கொஞ்சம் இருக்கு" என்று தானே மூடி திறக்கின்றன. தோட்டத்துத் தொரை காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கப் போகுமுன் வந்து, "இன்னைக்கு மழை வருமா?" என்று டின்னிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறார். வேடிக்கை பார்க்கப் பூண்டுலோயாவிலிருந்து பஸ் விட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஞாபகச் சக்கரவர்த்தி
பொன்னையா மாமா

*

கொழும்பு
25.09.2025

பாசமுள்ள மாமாவுக்கு,

ஒங்க கடிதத்தை ஆபீஸ்ல வாசிச்சுச் சிரிச்சு, மேனேஜர்கிட்ட ஏச்சு வாங்கினேன். தொரை கதை சுத்தப் புளுகு! ஆனா டின் ஏற்பாடு நெசமாவே நல்லாருக்கு மாமா. நாங்க இதைத்தான் கம்ப்யூட்டர்ல செய்றோம். ஒங்களை நெனச்சுத்தான் லீவு கேட்டிருந்தேன். நீங்களே செஞ்சு முடிச்சிட்டீங்க, இனி எனக்குக் கவலையில்ல. கூட வேலை செய்ற நிஷாந்திக்குக் கைப்பிள்ளை. தீபாவளி லீவை அவளுக்கு விட்டுக் கொடுத்துட்டேன். பொங்கலுக்குப் பார்ப்போம். மருந்தை மறக்காதீங்க.

அன்புடன்,
சர்மிளா

*

றொசல்ல
03.10.2025

மருமகளே,

பிள்ளைக்காரிக்கு லீவு கொடுத்தது நல்ல காரியம். திருப்பிக் கேட்டுவிடாதே.

தொரை வரவில்லை. அவருக்கு என் வீடு எதுவென்றே தெரியாது. பஸ்ஸும் இல்லை. ரசத்தை எழுத உட்கார்ந்தேன், புளி வரைக்கும்தான் வந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி எட்டிப் பார்த்து, "யாரோடண்ணே பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். "மந்திரிசபைக் கூட்டம்மா, வெளியாள் வரக்கூடாது" என்று அனுப்பிவிட்டேன்.

அந்தக் கதையில் ஒரு சின்னத் துண்டு நெசம். டின் வாங்கினேன். கழுவி, வெயில் கண்ட அன்றைக்குக் காயவைத்து, கட்டிலுக்கடியில் அடுக்கியிருக்கிறேன். எதில் எதைப் போடுவது என்று நீ வந்து சொல்வாயென்று, இன்னும் ஒன்றையும் போடவில்லை.

மாமா